ஐட்ஸ்போர்க் மலையின் தீட்டுக்கல் குழிகள்

நம் வயல்களில் நெல்லறுக்கும் கருக்கரிவாள் மழுங்கினால், அதைக் கொல்லன் உலைக்கு அனுப்பிப் பல் வெட்டுவித்துக்கொள்கிறோம். வெட்டரிவாளையும் கொடுவாளையும் வீட்டு முற்றத்திலுள்ள கல்லில் நீர் தெளித்து நாமே தீட்டிக்கொள்கிறோம். நெசவாளர் வீட்டுக் கத்தரியோ தெருவில் சாணை பிடிப்பவர் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறது. கூர் என்பது இரும்பினுடைய குணம் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அக்கூரில் பாதி கல்லினுடையது. அந்தக் கல் எங்கிருந்து வந்தது, யார் உடைத்தார், யார் விற்றார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

வட ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் இருந்திருக்கிறது. நார்வே நாட்டில் தெலமார்க் என்னும் மலைப்பகுதியில், பண்டாக் என்னும் நீண்ட ஏரியின் மேற்குக் கோடிக்கு மேலே, ஐட்ஸ்போர்க் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் சிறு சிறு கற்குழிகள் சிதறிக் கிடக்கின்றன. அவை பொன் விளைந்த குழிகள் அல்ல, வெள்ளி விளைந்தவையும் அல்ல. கைக்கடக்கமான தீட்டுக்கல் மட்டுமே அங்கு கிடைத்தது. அக்கல்லின் வரலாற்றை, உழவரும் நெசவாளருமான நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்ளத் தக்கதெனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

கல்லின் இயல்பு

தீட்டுக்கல் ஆவதற்கு எல்லாக் கல்லும் தகுதியுடையதன்று. மிகக் கடினமான கல் இரும்பின் மேல் வழுக்கிச் செல்லும். மிக மென்மையானது தானே தேய்ந்து மாவாகும். கடினமான நுண்துகள்கள் சற்றே இளகிய பிடிமானத்தில் பதிந்திருக்க வேண்டும். தீட்டும்போது மழுங்கிய துகள் உதிர்ந்து, அதன் அடியிலுள்ள புதிய துகள் முகம் காட்ட வேண்டும். துகள்கள் ஒரே அளவினவாக இருத்தலும் இன்றியமையாதது. ஒரே ஒரு பெரிய மணல் இடையில் அகப்பட்டாலும் தீட்டிய விளிம்பில் கீறல் விழுந்துவிடும்.

ஐட்ஸ்போர்க் பாறை இக்குணங்கள் யாவும் வாய்க்கப்பெற்றது. வெளிர் சாம்பல் நிறமுடைய அப்பாறையில் நுண்ணிய குவார்ட்ஸ் மணிகளும், நம் நாட்டுச் சிறுவர்கள் காக்காய்ப்பொன் என்று பொறுக்கி விளையாடும் அப்பிரகத் தகடுகளும் கலந்து அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. குவார்ட்ஸ் இரும்பை அராவுகிறது. அப்பிரகமோ பாறைக்குப் பிளவு வழியைத் தருகிறது. அடுக்கின் ஓரத்தில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் பலகை போலப் பெயர்ந்து வரும். அப்பலகையை மீண்டும் நெடுக்குவாட்டில் பிளந்தால் கோல்கள் கிடைக்கும். கோலை ஒரு சாண், ஒன்றரைச் சாண் அளவாகத் துண்டித்துவிட்டால் தீட்டுக்கல்லின் வடிவம் பாதி முடிந்ததாகும். பாறையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது என்பதுதான் இவ்வூர்த் தொழில் நீடித்ததற்கு முதற்காரணம்.

இதற்குப் பெரிய சுரங்கம் வேண்டியதில்லை, இயந்திரமும் வேண்டியதில்லை. நல்ல அடுக்கு எங்கு வெளியே தலைகாட்டுகிறதோ அங்கு மேல்மண்ணையும் தளர்ந்த பாறையையும் நீக்கிக் குழி தோண்டினார்கள். அடுக்கு சாய்ந்து உள்ளே போகும் வரை அதைப் பின்தொடர்ந்தார்கள். கழிவுக் கல் மிகுந்து கட்டுப்படியாகாதபோது விட்டுவிட்டு அடுத்த இடத்திற்குச் சென்றார்கள். ஆகவேதான் அங்கு ஒரு பெருங்குழி இல்லாமல் பல சிறு குழிகள் காணப்படுகின்றன. உடைத்தவர்களும் தனித் தொழில்வகுப்பார் அல்லர். கொஞ்சம் நிலம், சில கால்நடை, கோடையில் புல்லறுப்பு, மற்றக் காலத்தில் கல்லுடைப்பு என்று வாழ்ந்த குடியானவர்கள். விளைச்சல் போதாத மலைநாட்டில் அவர்களுக்குக் கல்லும் ஒரு பயிராக இருந்தது எனலாம்.

கல் தூசியைப் பற்றியும் ஒரு சொல். குவார்ட்ஸ் கலந்த பாறையை உடைத்தும் அராவியும் பிழைப்போர் எந்த நாட்டினராயினும், அத்தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் மீளாத நோயைத் தருகிறது. குஜராத்தின் கம்பாயத்தில் அகேட் மணி தீட்டுவோரும், மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் சிலேட்டுக் குச்சி அறுப்போரும் இந்நோய்க்கு இரையானது நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிகளில் பதிவாகியிருக்கிறது. பழைய தீட்டுக்கல் ஒன்றைக் காணும்போது அதன் அழகை மட்டும் போற்றுவது நமக்கு ஒவ்வாது.

மலையிலிருந்து கடலுக்கு

ஐட்ஸ்போர்க்கிலிருந்து ஏரிக்கரையிலுள்ள டாலென் என்னும் ஊருக்குச் செல்லும் வழி மிகச் செங்குத்தானது. அவ்வழியே சரக்கை இறக்கிப் படகிலேற்றிப் பண்டாக் ஏரியையும் அதனைத் தொடர்ந்த நீர்நிலைகளையும் கடந்து, இடையிலுள்ள அருவிகளில் இறக்கிச் சுமந்து, கடற்கரை அருகிலுள்ள ஷேயன் நகரத்தை அடைய வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். பிற்காலத்தில் இந்த நீர்வழி கால்வாயாக்கப்பட்டது. 1861இல் ஒரு பகுதியும் 1892இல் எஞ்சிய பகுதியும் முடிந்து, 18 மதகுகள் படிப்படியாகப் படகுகளை 72 மீட்டர் உயரத்திற்கு ஏற்றி இறக்கின. ஆனால் கால்வாய் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே கல் அவ்வழியே போய்க்கொண்டிருந்தது.

ஷேயன் நகரத்தை நாடக ஆசிரியர் இப்சன் 1828இல் பிறந்த ஊர் என்று நம்மில் படித்தோர் அறிவர். அது மரவாணிபத்தால் செழித்த நகரம் என்றும் சொல்வதுண்டு. ஆயினும் மரத்திற்கு முன்னே அங்கு கல் வந்திறங்கியது. நகரின் பழைய பகுதியில் அகழ்ந்தபோது முற்றுப்பெறாத தீட்டுக்கற்கள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. ஒரு நகரத்தின் தோற்றத்திற்கே மலையூர்க் குடியானவர்களின் சரக்கு துணைநின்றது என்று அறிஞர்கள் கருதுவது இதனாலேயே.

கடலுக்குப் போன கல் எங்கெங்கே சென்றது? டென்மார்க்கின் மிகப் பழைய நகரமாகிய ரீபெ, இன்றைய ஜெர்மனியின் வட எல்லையிலிருந்து 1066இல் அழிந்துபோன ஹெடபி, போலந்துக் கரையிலுள்ள வோலின், இங்கிலாந்தில் லண்டன், யார்க், வின்செஸ்டர் ஆகிய இடங்களிலெல்லாம் இக்கல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டிருக்கிறது. இடைக்கால ஆங்கில நகரங்களில் கசாப்புக் கடைக்காரர், தோல் தைப்பவர், தையற்காரர், குடியானவர் எல்லோரும் மிகுதியாகப் பயன்படுத்திய தீட்டுக்கல் இதுவே. வைக்கிங் காலத்துக் கல்லறைகளில் ஒரு முனையில் துளையிட்டு இடுப்பு வாரில் தொங்கவிட்ட சிறு தீட்டுக்கற்களும் கிடைக்கின்றன. ஊசி தீட்டித் தீட்டி நடுவே பள்ளம் விழுந்த கற்களும் உண்டு. வாளுக்கு மட்டுமே இக்கல் தேவைப்பட்டது என்று நினைப்பது பிழை. ஆட்டு மயிர் கத்தரிக்கவும், துணி வெட்டவும், தோலில் துளையிடவும் கூர் வேண்டியிருந்தது. அக்காலத்து நார்வே நெசவாளர் நிமிர்ந்த தறியில் பாவு நூல்களைக் கற்றை கற்றையாகக் கட்டி, ஒவ்வொரு கற்றையிலும் துளையிட்ட கல்லைத் தொங்கவிட்டு நெய்தனர். தறிக்கும் கல், கத்தரிக்கும் கல் என்று சொல்லத் தோன்றுகிறது.

1893இல் நார்வேயின் தென்கரையருகே க்ளோஸ்டாட் என்னும் பண்ணையில் வயலில் வாய்க்கால் தோண்டியபோது ஒரு பழைய கப்பலின் மரங்கள் தென்பட்டன. 1970இல் அதனை முறையாக அகழ்ந்தெடுத்தார்கள். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட அச்சரக்குக் கப்பலில் தீட்டுக்கற்கள் இருந்தன. வயலுக்குள் கப்பல் வந்தது எவ்வாறு என்று கேட்கலாம். பனியுகத்தில் வடநாட்டு நிலத்தை அழுத்திய பனிப்பாரம் உருகி நீங்கியபின் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து வருகிறது. அன்று கடலாக இருந்த இடம் இன்று உழும் நிலம்.

பிறந்த ஊரைக் கண்டறிந்த விதம்

இத்தனை நாடுகளில் கிடைத்த கற்கள் ஒரே மலையைச் சேர்ந்தவை என்று எப்படிச் சொல்ல முடிந்தது? கல்லில் ஊர்ப்பெயர் எழுதப்படவில்லை. நீண்ட காலம் ஒவ்வொரு நாட்டு அறிஞரும் தத்தம் அருகிலுள்ள பாறைகளையே ஐயுற்றனர். பின்னர் கல்லின் வயதைக் கொண்டு அதன் பிறப்பிடத்தை அறியும் முறை கைக்கு வந்தது. அப்பிரகத்தில் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறிய பங்கு தானாகவே சிதைந்து ஆர்கான் வாயுவாக மாறி, தகடுகளின் உள்ளேயே சிறைப்பட்டிருக்கும். இச்சிதைவு மிக மெதுவானது; பாதி சிதைய 125 கோடி ஆண்டுகள் ஆகும். எவ்வளவு பொட்டாசியம் எஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், பாறை குளிர்ந்து இறுகிய காலம் தெரிந்துவிடும்.

1984இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் நார்வேயின் கௌபாங், டென்மார்க்கின் ஆகர்ஸ்போர்க், ஹெடபி, வோலின் ஆகிய நான்கிடத்துக் கற்களை இம்முறையில் சோதித்தனர். கற்கள் இரு கூட்டமாகப் பிரிந்தன. வெளிர் நிறக் கல் ஏறத்தாழ 90 முதல் 100 கோடி ஆண்டு வயதுடையது. அது ஐட்ஸ்போர்க் பாறைக்குப் பொருந்தியது. கருமை கலந்த மற்றொரு வகை ஏறத்தாழ 40 கோடி ஆண்டை ஒட்டியது, வேறொரு மலைத்தொடருக்குரியது. அந்த இரண்டாம் வகையின் ஊர் நெடுநாள் தெரியாமலிருந்தது. 2019இல் வெளியான ஆய்வு, நார்வேயின் நடுப்பகுதியில் டிரோண்ட்ஹைம் நகரை அடுத்த மோஸ்டாட்மார்க்கா குழிகளே அதன் பிறப்பிடம் என்று காட்டியது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அக்கருங்கல் கடல்வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரீபெ நகருக்கு வந்துவிட்டது. ஐட்ஸ்போர்க்கின் வெளிர்கல் பின்னாலே வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. வைக்கிங் கொள்ளைக்குப் புறப்பட்டவர்களின் கடல்வழிகளை அவர்களுக்கு முன்னே கல் ஏற்றிய வாணிபப் படகுகள் பழக்கியிருக்க வேண்டும் என்று அவ்வாய்வாளர் வாதிக்கின்றனர். போர்வீரரின் புகழே பாடப்பட்டு வந்த வரலாற்றில் கல் சுமந்தவருக்கும் ஓரிடம் கிடைத்தது நமக்கு மகிழ்ச்சியே.

அம்மக்களின் பழங்கதைகளிலும் தீட்டுக்கல்லுக்கு இடமுண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் வாழ்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன் தொகுத்தவற்றுள் இரண்டைக் குறிப்பிடுவோம். ஓடின் என்னும் தெய்வம் வேற்றுருவில் ஒரு புல்வெளிக்கு வந்து, புல்லறுத்துக்கொண்டிருந்த ஒன்பது அடிமைகளின் அரிவாள்களைத் தன் இடுப்புக் கல்லால் தீட்டிக் கொடுத்ததாம். கூரைக் கண்டு வியந்த ஒன்பதின்மரும் கல்லை விலைக்குக் கேட்க, ஓடின் அதை வானில் எறிய, அதைப் பிடிக்க முண்டியடித்தவர்கள் தம் அரிவாள்களாலேயே ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்து மாண்டார்களாம். மற்றது, இடித்தெய்வமாகிய தோர் ஓர் அரக்கனோடு பொருத கதை. அரக்கனின் படைக்கலம் பெரியதொரு தீட்டுக்கல். தோரின் சம்மட்டி அதை நடுவானில் மோதி உடைக்க, ஒரு துண்டு தோரின் தலையில் பதிந்தது. மற்றத் துண்டுகள் பூமியில் விழுந்து உலகிலுள்ள தீட்டுக்கல் மலைகளாயின.

விலையும் பெயரும்

கல் ஐட்ஸ்போர்க்கில் பிறந்தது. பெயரோ பிறரால் இடப்பட்டது. ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அதை நார்வேக் கல் என்று பொதுப்படக் குறித்தனர். ஊரின் பெயர் நெடுங்காலம் துறைமுகத்தைத் தாண்டவில்லை. நம் நெசவாளருக்கு இது புதிதன்று. ஊர் ஊராகத் தறியில் நெய்த கட்டம்போட்ட துணி, கப்பலேறிய துறைமுகத்தின் பெயரால் ‘மெட்ராஸ்’ என்றே உலகச் சந்தையில் வழங்கியது. நெய்த கிராமத்தின் பெயர் மூட்டைக்கு வெளியே தெரியவேயில்லை. காஞ்சிபுரம் பட்டு முதலியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் உரிமை கிடைத்தது மிகப் பிந்திய செய்தி.

பெயரோடு விலையும் கைமாறியது. நார்வேயில் 1662ஆம் ஆண்டின் நகர உரிமைகள் வாணிபத்தை நகர வணிகர் கையில் ஒப்படைத்தன. குடியானவன் தன் சரக்கைத் தானே கப்பலில் ஏற்றி அயல்நாட்டில் விற்க இயலாது; நகரத்தான் சொன்ன விலைக்குக் கொடுத்துத் தானியமும் உப்பும் வாங்கிச் செல்ல வேண்டியவன். 19ஆம் நூற்றாண்டில்தான் இக்கட்டுகள் படிப்படியாகத் தளர்ந்தன. அந்நாட்டுப் பால் உற்பத்தியாளர் 1856இலேயே ரௌஷோடாலன் என்னுமிடத்தில் கூட்டாகப் பாலேற்று வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பால் அன்றே கெட்டுவிடும். ஆகவே கூடுவது கட்டாயமாயிற்று. கல் கெடாது, பல ஆண்டு அடுக்கி வைத்தாலும் குறைவுபடாது. விலைக்குக் காத்திருக்கக் கல்லால் முடியும். கல்லுடைத்தவன் வயிற்றால் முடியாது. காத்திருக்கும் வல்லமை முழுவதும் கிடங்கு வைத்திருந்தவனிடம் சேர்ந்தது என்பதே நம் கருத்து.

தொழில் நலிந்ததற்கு வணிகர் காரணமல்லர். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பார் களிமண்ணையும் கரியையும் மின் உலையில் இட்டுக் கார்போரண்டம் என்னும் செயற்கைப் பொருளைக் கண்டார். வைரத்தை நெருங்கும் கடினம். வேண்டிய அளவில் துகளாக்கிக் களிமண்ணோடு பிசைந்து சுட்டால் எந்த வடிவிலும் கல் கிடைக்கும். ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் வேறுபாடே இராது. இயற்கைக் கல்லிலோ பத்தில் ஒன்றேனும் குறையுடையதாகும் என்று வாங்குவோர் அஞ்ச வேண்டியிருந்தது. செயற்கைப் பொருளுக்கு வேண்டிய மின்சாரம் நீர்வீழ்ச்சி நாடாகிய நார்வேயில் மலிவு. ஆகவே ஐட்ஸ்போர்க்குக்குத் தெற்கே, கடற்கரையில் ஆரெண்டால் நகரை அடுத்து 1912இல் நிறுவப்பட்ட உருக்காலை அப்பொருளையே செய்தது. மலையின் கல்லை அதே நாட்டு அருவியின் விசை வென்றது! நம் சென்னையிலும் 1954இல் முருகப்பா குடும்பத்தார் அமெரிக்க, ஆங்கில நிறுவனங்களுடன் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யூனிவர்சல் இத்தகைய கற்களையும் சக்கரங்களையும் செய்துவருவதை உறுப்பினர்கள் அறிவர். இன்று நம் வீட்டில் இருக்கும் கறுத்த தீட்டுக்கல் பெரும்பாலும் இவ்வகையினதே.

இதனிடையே குதிரை இழுக்கும் புல்லறுப்பு இயந்திரமும், பின்னர் டிராக்டரும் வந்தன. நீண்ட காம்புடைய பேரரிவாளால் புல்லறுப்பவன் சிறிது நேரத்திற்கொரு முறை நின்று இடுப்புக் கல்லை எடுத்துத் தீட்டியாக வேண்டும். ஒரு கோடைக்கே கற்கள் தேய்ந்து போகும். அப்பேரரிவாள் சுவரில் தொங்கத் தொடங்கியதும் கல்லின் தேவையும் சுருங்கியது. ஆயினும் ஐட்ஸ்போர்க்கில் கல்லுடைப்பு உடனே நின்றுவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது தொடர்ந்தது.

எஞ்சி நிற்பவை

இப்போது அவ்வூரில் தெலமார்க்கின் மேற்குப் பகுதிக்குரிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கல்லுடைத்தவர்களின் கருவிகளையும், கோலிலிருந்து கல் உருவாகும் படிகளையும் அங்கு காணலாம். சரிவுகளில் பாசி படர்ந்த குழிகளும், அவற்றின் வாயில் கொட்டிக் கிடக்கும் கழிவுக் கற்குவியல்களும் உள்ளன. நல்ல கல் எல்லாம் கடல் கடந்துவிட்டதால் ஊரில் எஞ்சியது கழிவே. அக்குவியல்களில் நுனி ஒடிந்த கோல்களையும், பாதியில் விரிசல் கண்டு எறியப்பட்ட கற்களையும் அடையாளம் காணலாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீணான உழைப்பு.

அருங்காட்சியகத்தை அடுத்து 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக்கோயில் ஒன்று நிற்கிறது. கூரை மட்டுமின்றிச் சுவர்களும் மரச்செதில்களால் போர்த்தப்பட்ட சிறிய தேவாலயம். அது வழிப்போக்கருக்கும் வணிகருக்கும் காவலரான புனித நிக்கோலஸுக்கு உரியது. கல் சுமந்து தொலைதூரம் சென்றவர்கள் இக்காவலரைத் தேர்ந்துகொண்டது இயல்பே என்பர். அப்புனிதரின் மரத் திருவுருவைக் கோடையில் ஒருநாள் ஊர்மக்கள் தோளில் ஏந்தி அருகிலுள்ள ஏரியை மூன்று முறை வலம்வந்து, நீரில் நீராட்டுவார்கள். நாடு சீர்திருத்தக் கிறித்தவத்திற்கு மாறி 300 ஆண்டுகள் கழிந்த பின்னும், 19ஆம் நூற்றாண்டு வரை, இவ்வழக்கத்தை அவர்கள் விடவில்லை. நம்மூர்த் தெப்பத்தையும் தீர்த்தவாரியையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

கீழே டாலெனில் 1961இல் டோக்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கல்லிறங்கிய கரையில் கோடைக்காலத்தில் உல்லாசப் பயணிகளின் படகுகள் வந்து நிற்கின்றன. மதகுகள் பலவற்றை இன்றும் கையால் திறந்து மூடுகிறார்கள்.